கணவாயில் நின்றவர்கள்: ஹெரோடோட்டஸ், ஓர்ம், தேசிங்கு

லியோனிடாஸை நம்மில் பெரும்பாலானவர்கள் கிரேக்கத்தில் சந்திக்கவில்லை. கல்லூரி விடுதியில், யாரோ பென்டிரைவில் கொண்டுவந்த '300' படத்தில் சந்தித்தோம். ஃபிராங்க் மில்லரின் 1998 காமிக்ஸை வைத்து ஸாக் ஸ்னைடர் 2006-இல் எடுத்தது. வயிற்றுத் தசை வரிவரியாகத் தெரியும் ஸ்பார்ட்டாக்காரர்கள் ஒரு பக்கம். மூக்கிலும் கன்னத்திலும் வளையம் மாட்டிய, எட்டடி உயர செர்க்ஸஸ் இன்னொரு பக்கம். நடுவில் ஒரு குறுகலான கணவாய். விடுதியே எழுந்து நின்று கத்தியது. நானும்தான் கத்தினேன். நல்லாத்தான் இருந்துச்சு.

பல வருஷம் கழித்து ஹெரோடோட்டஸின் 'வரலாறுகள்' நூலின் ஏழாம் பகுதியைப் படித்தபோதுதான், படம் எதையெல்லாம் துடைத்து எடுத்திருக்கிறது என்று தெரிந்தது. படத்தில் காட்டிக்கொடுக்கிற எஃபியால்டஸ் கூன் விழுந்த, உருக்குலைந்த ஸ்பார்ட்டாக்காரன். ஹெரோடோட்டஸில் அவன் அந்த மலைப்பகுதியின் சாதாரண ஆள். மன்னரிடம் பரிசு கிடைக்கும் என்று மலைப்பாதையைக் காட்டுகிறான், அவ்வளவுதான். துரோகியின் உடம்பைக் கோணலாக்கினால் பார்வையாளருக்கு வேலை மிச்சம். ஹெரோடோட்டஸ் அந்த உதவியைச் செய்வதில்லை.

அவர் எண்ணிக்கையையும் சுத்தமாக வைத்துக்கொள்வதில்லை. கி.மு. 480-இல் தெர்மோபிலே கணவாயில் கடைசி நாள் நின்றவர்கள் முந்நூறு ஸ்பார்ட்டாக்காரர்கள் மட்டுமல்ல. தெஸ்பியா என்ற சின்ன ஊரின் எழுநூறு பேர் போக மறுத்து அங்கேயே இறந்தார்கள். தீப்ஸ் நகரத்தார் நானூறு பேரை லியோனிடாஸ் கட்டாயமாகப் பிடித்து வைத்திருந்தார் என்கிறார் ஹெரோடோட்டஸ். அவர்கள் பாரசீகரிடம் சரணடைந்து உடம்பில் சூடு வாங்கிக்கொண்டார்கள். பிணங்களுக்கு நடுவே ஸ்பார்ட்டாவின் அடிமைகளான ஹெலட்டுகளும் கிடந்தார்கள். பார்க்க வந்தவர்கள் அவர்களையும் வீரர்கள் என்றே நினைத்துக்கொண்டார்கள் என்று எட்டாம் பகுதியில் போகிறபோக்கில் ஒரு வரி வரும். எனக்கு அந்த ஒரு வரி முழுப் படத்தைவிடப் பெரிசு. உயிரோடு இருக்கிறவரை அடிமை. பிணமான பிறகு, அதுவும் ஆள் தெரியாமல், கிரேக்கன்.

எதிர்த்தரப்பும் இதே லட்சணம்தான். செர்க்ஸஸின் கப்பற்படையில் ஒரு பகுதி அயோனியக் கிரேக்கர்கள். அவர் பக்கத்தில் ஆலோசனை சொல்லிக்கொண்டிருப்பவன் டெமராட்டஸ், நாடுகடத்தப்பட்ட ஸ்பார்ட்டா மன்னன். சாலமிஸ் கடற்போரில் பாரசீகருக்காகக் கப்பல் ஓட்டிய அரசி ஆர்ட்டிமிசியா, ஹெரோடோட்டஸ் பிறந்த ஹாலிகார்னாசஸ் ஊரின் தலைவி. அந்த ஊரே பாரசீகரின் ஆளுகைக்குள் இருந்த ஊர். அங்கே பிறந்தவர்தான் இந்த எதிர்ப்பின் கதையை எழுதுகிறார். அந்நியர்மேல் பிரியம் வைத்தவர் என்று பின்னாளில் புளூட்டார்க் அவரைத் திட்டியதற்குக் காரணம் இருக்கிறது.

இன்னொன்று. செர்க்ஸஸின் படை அணிவகுப்பில் இந்தியர்களும் வருகிறார்கள். பருத்தி ஆடை, பிரம்பு வில், இரும்பு முனை வைத்த பிரம்பு அம்பு. சிந்துவெளிப் பக்கத்திலிருந்து திரட்டப்பட்ட படையாக இருக்க வேண்டும். அவர்களோடு சேர்த்து நிறுத்தப்பட்ட 'கிழக்கு எத்தியோப்பியர்' என்ற கூட்டத்தார் கேடயத்துக்குப் பதிலாகக் கொக்கின் தோலைப் பிடித்திருந்தார்களாம். தோல் வேலை தெரிந்த ஊர்க்காரனிடம் இதைச் சொன்னால் சிரிப்பான். நான் சொல்ல வருவது வேறு: விடுதியில் லியோனிடாஸுக்குக் கைதட்டிய நாங்கள், கணக்குப் பார்த்தால், எதிர்வரிசையில் நின்றவர்கள்.

இப்போது ரயில் ஏறுவோம். காட்பாடி தாண்டி, குடியாத்தம், மேல்பட்டி, பச்சக்குப்பம் என்று மேற்கே போகப்போக இரண்டு பக்கமும் மலை நெருங்கி வரும். நடுவில் பாலாறு, பல மாதம் மணல் மட்டும். ஆம்பூர் வந்ததும் பிரியாணியும் ஷூ கம்பெனிகளும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். மூக்கு கொஞ்சம் கூர்மையாக இருந்தால் தோல் பதனிடும் தொட்டிகளின் வாசனையும் வரும். மேட்டு நிலமான மைசூர்ப் பக்கத்திலிருந்து கர்நாடகச் சமவெளிக்கு, அதாவது ஆற்காட்டு நவாபின் நாட்டுக்கு, படை இறங்க வேண்டும் என்றால் இங்குள்ள கணவாய்கள்தான் வாசல். வடக்கே கொஞ்ச தூரத்தில் இன்னொரு வாசல், இன்றைக்கு ஆந்திரத்தில் இருக்கும் தாமலச்செருவு. பத்து வருஷத்துக்குள் இரண்டு ஆற்காட்டு நவாபுகள் இந்த இரண்டு கணவாய்களை அடைத்து நின்று, இரண்டு பேரும் அங்கேயே செத்தார்கள்.

முதலாமவர் தோஸ்த் அலி கான். 1740 மே மாதம், ரகோஜி போன்ஸ்லேயின் மராட்டியப் படை இறங்கி வருகிறது. நவாப் தாமலச்செருவுக் கணவாயை அடைத்து நிற்கிறார். ராபர்ட் ஓர்ம் எழுதுவதன்படி, சற்றுத் தள்ளி வேறொரு வழி இருந்தது. அதைக் காக்கும் பொறுப்பிலிருந்த ஆள் மராட்டியரை விட்டுவிட்டான். நவாபின் முதுகுப்பக்கம் குதிரைப்படை ஒன்று வருகிறது. ஆற்காட்டிலிருந்து மகன் சப்தர் அலி உதவிக்கு வருகிறான் என்று முதலில் நினைத்திருக்கிறார்கள். வந்தவர்கள் மராட்டியர். நவாபும் அவருடைய இன்னொரு மகனும் அங்கேயே கொல்லப்பட்டார்கள்.

படிக்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். குறுகிய வழி, சுற்றிப்போகும் பாதை, விட்டுக்கொடுத்த காவல், முதுகில் வந்த எதிரி. தெர்மோபிலேயின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. வராத மகனை வந்துவிட்டதாக நினைத்த அந்தச் சில நிமிஷம் ஹெரோடோட்டஸிடம்கூடக் கிடையாது.

இரண்டாவது, ஆம்பூரிலேயே. 1749 ஆகஸ்ட் 3. இம்முறை வருவது சந்தா சாகிப், முசாபர் ஜங், அவர்களோடு சுமார் 400 பிரெஞ்சுக்காரர்கள், பிரெஞ்சுப் பயிற்சி பெற்ற சிப்பாய்கள் சுமார் 2000 பேர். கணவாயின் குறுக்கே அரண் எழுப்பிப் பீரங்கி வைத்துக் காத்திருப்பவர் நவாப் அன்வருத்தீன் கான். ஓர்ம் அவருக்கு வயது 107 என்கிறார். அதை யாரும் நம்ப வேண்டியதில்லை, ரொம்ப வயசானவர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு தாக்குதல்கள் திருப்பி அடிக்கப்பட்டன. மூன்றாவதில் அரண் உடைந்தது. கிழவர் யானையைச் சந்தா சாகிப்பை நோக்கித் திருப்பச் சொன்னார். துப்பாக்கிக் குண்டு பாய்ந்து யானைமேலேயே செத்தார். மூத்த மகன் மகபூஸ் கான் பிடிபட்டார். இன்னொரு மகன் முகம்மது அலி திருச்சிக்கு ஓடினார். அந்த ஓட்டத்திலிருந்து கிளம்பிய சண்டை எங்கே போய் முடிந்தது என்று பள்ளிப் பாடப்புத்தகம் சொல்லும்.

ஓர்ம் கேரளத்து அஞ்சுதெங்கில் பிறந்தவர். கம்பெனி மருத்துவரின் மகன். தான் எழுதிய போர்கள் நடந்த மண்ணிலேயே பிறந்த அந்நியர். 1763-இல் வெளிவந்த அவருடைய போர் வரலாறு, உரைநடையாக மட்டும் பார்த்தாலும், கெட்டிக்காரத்தனமான புத்தகம். தூரம், திசை, பீரங்கி எண்ணிக்கை எல்லாம் கையில் வைத்திருக்கிறார். சின்ன விவரம் ஒன்றைச் சட்டென்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். அன்வருத்தீனின் பீரங்கிகளை இயக்கியவர்கள் சுமார் அறுபது நாடோடி ஐரோப்பியர்கள் என்கிறார். அன்வருத்தீனைச் சுட்டது பிரெஞ்சுப் படையிலிருந்த ஓர் ஆப்பிரிக்க வீரன் என்கிறார். அத்தோடு விட்டுவிடுகிறார். அந்த அறுபது பேர் யார், எந்தக் கப்பலிலிருந்து இறங்கி ஓடியவர்கள், ஆம்பூர் வெயிலில் அவர்களுக்கு யார் சோறு போட்டார்கள்? அந்த ஆப்பிரிக்கன் எந்த அடிமைக் கப்பலில் வந்தவன்? ஹெரோடோட்டஸாக இருந்தால் நின்றிருப்பார். தெர்மோபிலேயிலிருந்து உயிரோடு திரும்பிய அரிஸ்டோடெமஸ் என்ற ஒற்றை மனிதனோடு அவர் எப்படி நிற்கிறார் என்று பாருங்கள். ஊரில் அவனோடு யாரும் பேசவில்லை, அடுப்புக்கு நெருப்புகூடக் கொடுக்கவில்லை. அடுத்த வருஷம் பிளாட்டேயாவில் வெறி பிடித்த மாதிரி சண்டை போட்டுச் செத்தான், அப்போதும் ஊர் முழு மரியாதை தரவில்லை. ஓர்முக்கு ஆம்பூர் ஒரு கணக்கின் முதல் வரி. இங்கிலாந்து எப்படி உள்ளே வந்தது என்பதுதான் அந்தக் கணக்கு.

சரி, தோற்ற தரப்பு என்ன எழுதியது? இங்கேதான் விஷயம் வேடிக்கையாகிறது. அன்வருத்தீனுக்குக் காவியம் உண்டு. 'அன்வர் நாமா'. எழுதியவர் மீர் இஸ்மாயில் கான் அப்ஜதி, முகம்மது அலியின் அவைக்கவிஞர். ஃபிர்தவ்ஸியின் 'ஷாநாமா' போட்ட தடத்தில் நடக்கும் நெடுங்கவிதை. சென்னைப் பல்கலைக்கழகம் அச்சிட்டிருக்கிறது. அதே குடும்பத்தின் வரலாறாக புர்ஹான் இப்னு ஹசன் எழுதிய 'துஸகே வாலாஜாஹி'யை முகம்மது ஹுசைன் நயினார் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1934-இலும் 1939-இலும் இரண்டு பாகமாக வெளியிட்டார். இரண்டுக்கும் மூலமொழி பாரசீகம். தெர்மோபிலேயில் எந்த மொழிக்காரர்களை எதிர்த்து நின்றார்களோ, அந்த மொழியின் வழித்தோன்றலில்தான் ஆம்பூர்க் கணவாயில் எதிர்த்து நின்றவனின் புகழ் பாடப்பட்டது. பாரசீகம் தெரியாத நான் அப்ஜதியின் வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உருது முஷாயிரா கேட்டு வளர்ந்தவர்களுக்கு என்னைவிட நாலு அடி உள்ளே போக முடியலாம்.

அந்தக் காலத்தில் தமிழில் நாள் தவறாமல் எழுதிக்கொண்டிருந்தவர் புதுச்சேரியில் இருந்தார்: ஆனந்தரங்கப் பிள்ளை. ஆனால் அவர் டியூப்ளேயின் துபாஷ். ஆம்பூரில் வென்ற தரப்பின் வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதியவர். செர்க்ஸஸின் முகாமிலிருந்து நாட்குறிப்பு எழுதிய கிரேக்கன் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆக, கணவாய் இருக்கிறது, துரோகம் இருக்கிறது, யானைமேல் சாகும் கிழவன் இருக்கிறான், காவியம்கூட இருக்கிறது. ஆனாலும் ஆம்பூரில் யாருக்கும் இது 'நம்ம' கதை கிடையாது. ஏன்?

உடனே வரும் பதில்: அன்வருத்தீன் வெளியூர்க்காரர், வடக்கே கோபாமாவிலிருந்து வந்து நிஜாம் நியமித்த நவாப். எதிரில் வந்த சந்தா சாகிப் பழைய நவாபின் மருமகன். இரண்டு நாற்காலிக்காரர்களின் சண்டையில் பாலாற்றங்கரைக் குடியானவனுக்கு என்ன பங்கு? அவனிடம் இரண்டு படையும் வைக்கோலைத்தான் பிடுங்கியிருக்கும். நியாயமான பதில்தான். நானும் கொஞ்ச நாள் இதில் திருப்தியாக இருந்தேன். தேசிங்கு வந்து கெடுத்தான்.

தேஜ் சிங், நம் வாயில் தேசிங்கு, தமிழன் கிடையாது. புந்தேலா ராஜபுத்திரன். அப்பா சரூப் சிங் முகலாயர் நியமித்த செஞ்சிக் கோட்டைக் காவலர். அப்பா இறந்ததும் மகன் கோட்டையை எடுத்துக்கொண்டான், பாக்கியைக் கட்ட மறுத்தான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பெரும்படையோடு வந்தார். 1714 அக்டோபரில் சில நூறு குதிரைகளோடு எதிர்த்துப்போய் இருபத்துச் சொச்சம் வயதில் செத்தான். ஆவணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இதுவும் நாற்காலிச் சண்டை, வரிபாக்கிச் சண்டை. அன்வருத்தீனுக்கு எந்த விதத்திலும் குறையாத வெளியூர்க்காரன்.

ஆனால் தேசிங்கு ராஜன் கதை தமிழில் பாடப்பட்டது, பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தையில் விற்றது, தெருக்கூத்தாக ஆடப்பட்டது, 1960-இல் எம்.ஜி.ஆர் படமானது. பாட்டுக்காரன் என்ன செய்தான்? வரிபாக்கியை ஓரமாக வைத்துவிட்டு, டில்லி பாதுஷாவின் அடங்காக் குதிரையைப் பையன் அடக்குவதிலிருந்து ஆரம்பித்தான். குதிரைக்குப் பாராசாரி என்று பெயர் வைத்தான். மகபத்கான் என்ற நண்பனைக் கொடுத்தான். கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து, நீலவேணி என்ற தன் குதிரையில் ஏறி, தேசிங்குக்காகச் சாக வருகிறவன். சிங்கவரம் ரங்கநாதர் இன்றைக்குப் போகாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதாக ஒரு கதை சேர்ந்தது. டெல்ஃபியின் அசரீரி, ஸ்பார்ட்டா அழியும் அல்லது அதன் மன்னன் சாவான் என்று லியோனிடாஸ் கதையில் சொல்கிறது. இங்கே தெய்வம் பேசாமல் முகத்தைத் திருப்புகிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

பெயர், குதிரை, நண்பன், கோபித்துக்கொள்ளும் சாமி. இவ்வளவும் கிடைத்ததும் ஒரு புந்தேலாக்காரன் தென்னாற்காட்டின் பிள்ளையாகிவிட்டான். நம்மவன் என்பதால் பாடவில்லை. பாடியதால் நம்மவன் ஆனான். அப்ஜதியின் காவியம் அரண்மனைக்குள் ஒரு மகன் தன் அப்பாவைப் பற்றிக் கேட்ட காவியம். தேசிங்கின் கதையைத் தெருவில் கேட்டவனுக்குத் தேசிங்கு அப்பாவும் கிடையாது, ஆண்டவனும் கிடையாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வீரத்தின் அளவில் இல்லை, கேட்டவர்களின் அகலத்தில் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு சிக்கல் வருகிறது, அதைத் தாண்டிப் போக எனக்கு விருப்பமில்லை. இந்துராஜா தேசிங்கு, முஸ்லிம் நவாபை எதிர்த்தான் என்று கதையைச் சுருக்கிவிட முடியும். இன்றைக்கு அதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. '300' செய்ததும் இதே வேலைதான்: தீப்ஸ்காரர்களை, ஹெலட்டுகளை, பாரசீகக் கப்பலிலிருந்த கிரேக்கர்களை வெட்டி எறிந்துவிட்டால் இந்தப் பக்கம் சுதந்திரம், அந்தப் பக்கம் கீழைநாட்டு அரக்கன் என்று கோடு பளிச்சென்று விழும். தேசிங்கின் கதையில் அந்த வெட்டு சுலபமில்லை, ஏனென்றால் வெட்ட வேண்டியது மகபத்கானை. அவனை எடுத்துவிட்டால் கதையில் அழுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. செஞ்சிக்குப் பக்கத்தில் நீலாம்பூண்டியில் அவனுக்கும் அவன் குதிரைக்கும் சமாதி இருக்கிறது. பாட்டுக்காரன் மத நல்லிணக்கப் பிரச்சாரம் செய்தான் என்று சொல்லவில்லை. நட்பு இருந்தால் சாவு கனக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

சாதத்துல்லா கானையும் பாட்டு அரக்கனாக்கிக் கைகழுவுவதில்லை. எதிரியின் உடலுக்கு நவாப் உரிய மரியாதை செய்ததாகத்தான் சொல்கிறார்கள். லியோனிடாஸின் தலையை வெட்டி நட்டுவைத்த செர்க்ஸஸைப் பற்றி எழுதும்போது ஹெரோடோட்டஸ், பாரசீகர்கள் வழக்கமாக வீரமான எதிரியை மதிப்பவர்கள், இது கோபத்தில் செய்தது என்று ஒரு குறிப்பு வைக்கிறார். இரண்டு இடத்திலும் எதிரி மனிதனாகவே இருக்கிறான். தேசிங்கோடு தீயில் இறங்கிய இளம் மனைவியின் நினைவாகத்தான் நவாப் ராணிப்பேட்டை என்று ஊருக்குப் பெயர் வைத்தார் என்பது வழக்கு. உடன்கட்டைக்கு ஓர் ஊரையே பட்டயமாகக் கொடுப்பது எனக்கு உவப்பான விஷயம் இல்லை. ஆனாலும், தோல் தொழிற்சாலைகளின் ஊர் என்று மட்டுமே நாம் சொல்லும் ஒரு பெயருக்குள், எதிரி வைத்த ஒப்பாரி கிடக்கிறது.

போர் நடந்து எட்டே வருஷத்தில், கி.மு. 472-இல், ஈஸ்கிலஸ் 'பாரசீகர்கள்' நாடகத்தை ஏதென்ஸில் போட்டார். மாரத்தானில் சண்டை போட்டவர், அங்கே தம்பியையோ அண்ணனையோ பறிகொடுத்தவர். நாடகம் நடப்பது சூசாவில், பாரசீக அரண்மனையில். மேடையில் அழுவது எதிரியின் தாய். பார்த்தவர்களில் பலர் சாலமிஸில் துடுப்புப் பிடித்தவர்களாக இருந்திருப்பார்கள். ராணிப்பேட்டை என்ற பெயரில் கேட்பது அதற்குத் தூரத்து உறவு.

வேலூர்க் கோட்டையை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்பீர்கள். 1806 ஜூலை 10 பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. புதுத் தலைப்பாகையில் தோல் சின்னம் குத்தியதும் அந்த எழுச்சிக்கு ஒரு காரணம் என்பதும் இந்த வட்டாரத்துக்கே உரிய முரண். ஆனால் அங்கே 'நாம்' யார் என்பதில் எழுதுகிறவனுக்குக் குழப்பமே வருவதில்லை. வெள்ளைக்காரன் எதிரில் நிற்கிறான், தபால்தலை வெளியிட்டாயிற்று. இலக்கியமாக எனக்கு ஆம்பூர்தான் கஷ்டமான கேஸ், அதனால் சுவாரசியமானதும்.

நம் சரித்திர நாவல் சோழர்காலத்திலேயே தங்கிவிட்டதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அங்கே 'நாம்' தயாராகக் கிடைக்கிறது. நவாபுகளின் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதுகிறவன் அதை உருவாக்க வேண்டும். வேலை ஜாஸ்தி. ஆனால் இந்த வட்டாரத்துக்கு அந்த வேலை புதிசு இல்லை. ஆம்பூரிலேயே பல்லவன் நிருபதுங்கனின் 26-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகற்கள் கிடைத்திருக்கின்றன, ஒன்பதாம் நூற்றாண்டு. நுளம்பனின் படை மாடு கவர வந்தபோது தடுத்து விழுந்தவர்களுக்கு எடுத்தவை. மன்னனின் ஆட்சியாண்டு கல்லின் தலைப்பில் வரும், ஆனால் கல் மன்னனுக்கு இல்லை. யாரோ ஒரு சிற்றரசனின் சேவகனுக்கு.

லியோனிடாஸோடு செத்த முந்நூறு பேரின் பெயரையும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன் என்கிறார் ஹெரோடோட்டஸ். தெரிந்துகொண்டவர் பட்டியலை எழுதவில்லை. தெஸ்பியாவின் எழுநூறு பேருக்குத் தெர்மோபிலேயில் நினைவுச்சின்னம் வைக்க 1997 வரை ஆயிற்று. ஆம்பூரில் மாடு காக்கப்போன ஆளின் பெயரை அவன் செத்த சூட்டிலேயே கல்லில் வெட்டிவிட்டார்கள்.